அரை மாத்திரை

இரவில் பாதி என்று எழுதியிருந்தார் டாக்டர்.
அதற்குக் கீழே, வேறு மையில்: நடக்கவும்.
மாத்திரையை நகத்தால் உடைத்தால்
சமமாய் உடைவதில்லை.
பெரிய பாதியை நாளைக்கு எடுத்து வைப்பேன்.
நாளை இதைவிட மோசமாய் இருக்கும் என்று
உறுதியாய் நம்பிய மாதங்கள் அவை.

காளவாசலில் மூன்றாம் மாடி.
வண்டிக் கடனில் தவணை தவறியவர்களுக்கு
நாளொன்றுக்கு நூற்றெண்பது அழைப்பு.
"சார், உங்க டியூ" என்று நான் தொடங்குவேன்.
மிச்சத்தை அவர்கள் சொல்வார்கள்,
என் அம்மாவையும் இழுத்து.
ஆறு மணிக்கு ஹெட்செட்டைக் கழற்றிய பிறகும்
காதுக்குள் யாரோ
லைனிலேயே இருந்தார்கள்.

பைபாஸ் ரோட்டு ஜிம்மில் சேர்ந்தேன்,
மூன்று மாதப் பணம் முன்கூட்டியே கட்டி.
ஓடும் பட்டையில் ஓடி ஓடி
கிளம்பிய இடத்திலேயே வியர்த்தேன்.
எதிரே கண்ணாடி.
அதற்குள் ஒருத்தி
கடன்காரி மாதிரி
முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரு செவ்வாய் விடியலில்
ஏனென்று தெரியாமல்
ஸ்கூட்டியைக் கீழக்குயில்குடிக்குத் திருப்பினேன்.
குளத்தில் தண்ணீர் பாதி, தாமரை இலை பாதி.
ஆலமரத்தடியில் ஏழெட்டுப் பெண்கள்,
போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடுகிறவர்கள்,
விரல் எட்டிப் பார்க்கும் ஷூக்களோடு
குதிகாலைப் பின்னால் மடித்து நின்றார்கள்.
ஒச்சம்மா என்கிற ஒருத்தி
கீறல் விழுந்த கைபேசியில் நேரம் பார்த்தபடி,
"யக்கா, படி ஏறப் போறோம்.
செருப்பக் கழட்டிட்டு வாங்க, வழுக்காது" என்றாள்,
நான் வருவதாக
நேற்றே பேசி வைத்த மாதிரி.

அறுபது படி வரை எண்ணினேன்.
எண்ணுவதுதானே பிழைப்பு.
அதன்பின் வெறும் பாறை, எண்ண ஒன்றுமில்லை.
ராத்திரிக் குளிர் இன்னும் கல்லில் இருந்தது.
அது பாதத்துக்கு முதலில் தெரிந்தது,
பிறகுதான் எனக்கு.
நெஞ்சு அடித்தது.
ஆபீஸ் கழிப்பறையைத் தாழிட்டுக்கொண்டு
செத்துப்போகிறேன் என்று உட்கார்ந்திருந்த அன்று
அடித்ததே, அதே அடி.
ஆனால் இன்று அதற்கொரு காரணம் இருந்தது.
கண்முன் செங்குத்தாய் நின்றது.
இது பயம் இல்லை, மலை
என்று நெஞ்சிடம் சொன்னேன்.
நம்ப அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பேச்சிப்பள்ளத்தில், சுனைக்கு மேலே,
வரிசையாய் உட்கார்ந்திருக்கிறார்கள் பாறையில்.
மனம் அடங்க அசையாமல் இருந்தவர்கள்.
எனக்கு வாய்த்தது நேர் எதிர் வழி.
இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நாக்குத் தள்ள
அவர்கள் முன்னால் இரைத்தேன்.
ஓணான் ஒன்று
சரி சரி என்று தலையாட்டியது.

குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு,
மெய்க்கு அரை மாத்திரை.
ஏழாம் வகுப்பில் தப்பாய் எழுதி
அடி வாங்கிய கேள்வி.
இந்த மெய்க்கும் அதே அளவுதான்
சீட்டில் எழுதியிருக்கிறது.
சிரித்துவிட்டேன், தனியாக, சத்தமாக.
"என்னக்கா?" என்றாள் ஒச்சம்மா.
"மூச்சு" என்றேன்.

உச்சியில் காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது.
தூரத்தில் யானைமலை படுத்திருந்தது.
கோபுரங்கள் சுண்டுவிரல் உயரம்.
காளவாசலைத் தேடினேன், தட்டுப்படவில்லை.
ஒன்பதரை மணிக்கு
அது அங்கேதான் இருக்கும்.

குணமாகிவிட்டதா என்று கேட்காதீர்கள்.
சில வாரம் போகிறேன், சில வாரம்
போர்வைக்குள்ளேயே விடிந்துவிடுகிறது.
மாத்திரை இன்னும் பாதி.
ஒச்சம்மா ஓட்டத்தில் இரண்டு நொடியில் தோற்று
அடுத்த வருஷத்துக்கு ஓடிக்கொண்டிருக்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை, நூற்றுப்பதினோராவது அழைப்பு.
வழக்கம்போலத் திட்டிக்கொண்டிருந்தார்.
அவர் குரலுக்குப் பின்னால் மயில் ஒன்று அகவியது.
"சார், மலைப்பக்கமா இருக்கீங்க?" என்றேன்,
வாய் தவறி.
"நாகமலைக் கரட்டுல. ஆடு மேயுது. ஏன்?"
"ஒண்ணுமில்ல சார். காத்து கேக்குது."

அரை மாத்திரை நேரம்
இரண்டு பக்கமும் பேச்சில்லை.
பிறகு
தவணைத் தேதியைச் சொன்னேன்.